முதலாளி கப்பலில் இல்லை

கப்பலின் வலப்பக்கக் கயிற்றில் நீலத்துணி ஒன்று ஏறிவிட்டால் போதும், ஸ்டோனிங்டனில் பாதி வீடுகளில் அடுப்பு பற்றிக்கொள்ளும். தெரியாதவர்களுக்கு அது வெறும் துணி. மஹாலா கிரீன்லாவுக்கு அதுதான் புருஷன்.

எப்படி என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாஸ்டனுக்கு வடக்கே, ஸ்டோனிங்டன் இருக்கிற அந்தத் தீவில் ஆணாகப் பிறந்தவன் ஒன்று குவாரியில் கருங்கல் உடைப்பான். இல்லையென்றால் பனி உருகியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய், பணக்காரர்களின் உல்லாசக் கப்பலில் வேலைக்கு ஏறுவான். இலை உதிரும்போதுதான் திரும்புவான். கோடையில் அந்தப் பணக்காரர்கள் காற்று வாங்க வடக்கே வருவார்கள். தீவுகளுக்கு நடுவே போகும் கடல்பாதையை ஊரில் வாய்க்கால் என்பார்கள். அங்கேதான் வந்து நங்கூரம் போடுவார்கள். கப்பலில் நிற்கிறவனுக்குத் தன் வீட்டுப் புகைபோக்கி தெரியும். பெண்டாட்டி துணி காயப்போடுவது தெரியும். ஆனாலும் இறங்கி வர முடியாது. முதலாளி கப்பலில் இருக்கிறவரை மாலுமிக்கு வீடு என்று ஒன்று கிடையாது.

முதலாளி விருந்துக்கோ வேட்டைக்கோ கரை இறங்கிப் போனால் அந்த நீலக்கொடி ஏறும். 'முதலாளி கப்பலில் இல்லை, பார்க்க வந்து ஏமாறாதீர்கள்' என்று மற்றக் கனவான்களுக்குச் சொல்கிற மரியாதை அது. கரையில் இருந்த பெண்கள் அதை வேறு விதமாகப் படித்தார்கள். நீலம் ஏறிவிட்டதா, சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஆள் வருகிறது, மாவைப் பிசை.

மஹாலா இதையெல்லாம் அறியாத வீட்டில் பிறந்தவள். அப்பன் கல் உடைக்கிறவர். நாள்தோறும் பொழுது சாய்ந்தால் வெள்ளைத் தூளோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அவள் வின்ஸ்லோ கிரீன்லாவைக் கட்டிக்கொண்ட முதல் கோடையில் அவன் வேலை பார்த்த 'ஹெஸ்டர்' வாய்க்காலுக்குள் வந்தது. வெள்ளை வெளேரென்று, கொக்கு மூக்குப்போல முன்பக்கம் நீண்டு, பார்க்கிறவர்களுக்குப் பசியே எடுக்காத அழகு. மஹாலா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புளூபெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தைச் சூடாகத் தட்டில் ஏந்தித் துறையில் போய் நின்றாள். வின்ஸ்லோ கப்பலின் முனையில் நின்றிருந்தான். பார்த்தான். தலையைக்கூட அசைக்கவில்லை. அவள் பலகாரம் ஆறி, கையும் மரத்துப்போய் வீடு திரும்பினாள். மறுநாள் அவன் வந்தபோது கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே கேள்வி கேட்டாள். அவன் வெளியேயிருந்து பதில் சொன்னான்.

"கொடி ஏறலயே, பாக்கலியா? முதலாளி இருந்தாரு."

"தலையாட்டுனா முதலாளி குறைஞ்சு போயிடுவாரா?"

கேட்டுவிட்டு அவளே தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு திறந்தது.

வின்ஸ்லோ அப்படிப்பட்டவன்தான். அந்தக் கொடியை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் பொறுப்பு. அவனுக்கு வேதபுத்தகம் ஒருபக்கம், அந்தத் துணி ஒருபக்கம். ஹெஸ்டரின் சொந்தக்காரர் மிஸ்டர் லாதம், பாஸ்டனில் கம்பளி வியாபாரம், மனைவியை இழந்தவர், அவள் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்திருந்தார். ஒருமுறை அவருக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. கொடி அப்படியே பறக்கட்டும், நான் உள்ளே படுத்திருக்கிறேன் என்று வின்ஸ்லோவிடம் சொன்னார். வின்ஸ்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் இருக்கும்போது இல்லை என்று கொடி சொல்லாது சார், அதற்கு வேறு ஆள் பாருங்கள் என்றுவிட்டான். வேலை போயிற்று என்றே கப்பலில் எல்லோரும் நினைத்தார்கள். லாதம் சிரித்துவிட்டு, வந்த விருந்தாளிகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார். அன்றிலிருந்து அவருக்கு வின்ஸ்லோவைத் தவிர வேறு யாரையும் பிடிக்காமல் போயிற்று. பக்கத்து வீட்டு அல்மைரா இதைக் கேட்டுவிட்டு, "உன் புருஷன் நல்லவன்டி. நல்லவனோட குடித்தனம் பண்றதுதான் கஷ்டம்" என்றாள். அல்மைரா குடிகாரனோடு குடித்தனம் பண்ணினவள், அவளுக்குத் தெரியும்.

பிறகு சண்டை வந்தது. ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த சண்டை, நம் கடலுக்கே வந்துவிட்டது. நீர்மூழ்கிகளைத் தேடக் கடற்படையிடம் போதுமான கப்பல் இல்லை. பணக்காரர்களின் உல்லாசக் கப்பல்களைக் கேட்டார்கள். லாதம் மறு பேச்சில்லாமல் ஹெஸ்டரைக் கொடுத்தார். தானும் கூடவே வருகிறேன் என்றார். வயதாகிவிட்டது, வேண்டாம் என்றார்கள். ராக்லாந்து துறைமுகத்தில் ஹெஸ்டருக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். தேக்குத் தளத்தில் துளை போட்டு முன்னால் பீரங்கியை நிறுத்தினார்கள். பின்னால், நீருக்கடியில் போய் வெடிக்கும் பீப்பாய்களை அடுக்கினார்கள். பியானோவை இறக்கிக் கரையில் வைத்தார்கள். மழை வந்தபோது அதை மூட எவனும் இல்லை. வின்ஸ்லோ தன் எண்ணெய்க்கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டு நனைந்தபடியே வந்தான் என்பது நிஜம். இல்லை என்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்.

மாலுமிகளையும் கப்பலோடு சேர்த்தே கடற்படை எடுத்துக்கொண்டது. புறப்படும் முன் ஒரு நாள் வீட்டுக்கு விட்டார்கள். மஹாலா அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, இறுகியிருந்ததையும் பிரித்து மறுபடி தைத்தாள். கை சும்மா இருந்தால் வாய் அழுதுவிடும். எங்கே இருக்கிறோம், எப்போது வருவோம் என்று எதுவும் எழுதக்கூடாது என்று கடற்படைக் கட்டளை. வின்ஸ்லோ பெட்டியின் அடியிலிருந்து நீலக்கொடியை எடுத்துக் காட்டினான். சாம்பல் பூசும்போது வெள்ளைக் கப்பலின் சாமான்களையெல்லாம் குப்பையாக ஒதுக்கினார்களாம். இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டானாம்.

"ரோந்து போறப்ப வாய்க்கால் வழியாத்தான் போவோம். நான் நல்லா இருந்தா இது மேல இருக்கும்."

"வேற எதையாச்சும் கட்டேன். என் முக்காட்டைத் தரேன்."

"மத்ததெல்லாம் படைக்காரங்க சைகை மஹாலா, குழப்பமாயிடும். இது நம்மளது. முதலாளியும் கப்பல்ல இல்ல, பொய்யும் இல்ல."

அந்த 'பொய்யும் இல்ல' என்பதை அவள் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பின்னால் பட்ட பாடு பட்டிருக்க வேண்டாம்.

கப்பலுக்கு வந்த லெப்டினன்ட் இளவயதுக்காரன். இதென்ன துணி என்று கேட்டான். முதலாளி கப்பலில் இல்லை என்பதற்கான கொடி என்று வின்ஸ்லோ சொன்னான். போர்க்கப்பலுக்கு ஏதப்பா முதலாளி என்றான் லெப்டினன்ட். இருக்கிறார் சார், இரவல்தானே கொடுத்திருக்கிறார் என்றான் இவன். வாதம் செய்து பயனில்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஊருக்கு முன்னால் போகும்வரை மட்டும் ஏற்றிக்கொள், வெளிக்கடலில் இறக்கிவிடு என்றான்.

அப்படியே நடந்தது. மஹாலா மத்திமீன் டப்பா ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மீன் வந்தால் ஆலைச் சங்கு ஊதும். பெண்கள் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். நீள மேசையில் நின்று கத்தரிக்கோலால் தலையும் வாலும் நறுக்கி டப்பாவில் அடுக்குவார்கள். மேசைக்கு நேரே சன்னல், சன்னலுக்கு நேரே வாய்க்கால். சாம்பல் கப்பல் எல்லாம் தூரத்தில் ஒரே சாயல்தான்; ஆனால் ஹெஸ்டரின் கொக்கு மூக்கை மறைக்க எந்தச் சாயத்தாலும் முடியவில்லை. அது வந்தால் யாராவது ஒருத்தி, "வருது" என்பாள். எல்லாக் கத்தரிக்கோலும் நிற்கும். கயிற்றில் நீலம் தெரியும். கத்தரிக்கோல் மறுபடி ஓடும். மஹாலா மட்டும் அன்றைக்கு இரண்டு பங்கு வேலை செய்வாள். "உன் துணி வந்தா மேஸ்திரிக்கு லாபம்" என்று அல்மைரா இடிப்பாள்.

இரண்டாவது கோடையில் நிலைமை மோசமாயிற்று. நீர்மூழ்கி ஒன்று மீன்பிடிப் படகுகளை மடக்கி, ஆட்களை இறக்கிவிட்டுப் படகுகளைக் கொளுத்தியது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை தபால் படகுக்காரன் ஒரு சேதி கொண்டுவந்தான். வெளியே ரோந்துக் கப்பல் ஒன்றில் பெரிய வெடிச்சத்தமாம். பின்பக்கம் பிளந்துவிட்டதாம். துறையில் அவன் சொன்னது அவ்வளவுதான். அது மேடேறிக் கடைக்கு வந்தபோது, கப்பல் ஹெஸ்டர்தான் என்று ஆயிற்று. கடையிலிருந்து மாதாகோயில் வாசலுக்கு வந்தபோது ஆள் ஒன்று போய்விட்டது; நம் தீவு ஆள்தான் என்றும் ஆயிற்று. அதற்குமேல் யாரும் பெயர் சொல்லவில்லை. மஹாலாவைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். அதைவிடப் பெயரையே சொல்லியிருக்கலாம்.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், நாளை சனிக்கிழமை என்று மொச்சையை ஊறப்போட்டாள். விடிந்ததும் அதைப் பானையில் போட்டு, வெல்லப்பாகு ஊற்றி, உப்புக்கண்டத்தைப் புதைத்து அடுப்புக்குள் தள்ளினாள். சங்கு ஊதியது. ஆலைக்குப் போனாள்.

பொழுது நன்றாக ஏறிய பிறகு, "வருது" என்றாள் ஒருத்தி. சொன்னவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

கத்தரிக்கோல்கள் நின்றன. ஹெஸ்டர் மெதுவாக வந்தது, நொண்டிக்கொண்டு. பின்பக்கக் கம்பிகள் வளைந்திருந்தன. எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள். கயிறு வெறுமனே இருந்தது. ஒருவேளை காற்றில் சுற்றிக்கொண்டிருக்குமோ என்று பார்த்தார்கள். நீலத்தில் ஒரு நூல்கூட இல்லை. கப்பல் நங்கூரம் போட்டு நின்ற பிறகும் ஏறவில்லை.

மஹாலா கையிலிருந்த மீனின் தலையை நறுக்கினாள். வாலை நறுக்கினாள். டப்பாவில் அடுக்கி, கத்தரிக்கோலைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். மேஸ்திரி வழிவிட்டார். அல்மைரா பின்னாலேயே போனாள்.

வீட்டில் அவள் அழவில்லை. பானையை எடுத்துக் கம்பளியில் சுற்றினாள். எங்கே கொண்டுபோகிறாய் என்று அல்மைரா கேட்டாள்.

"அந்தக் கப்பல்ல பசியோட பிள்ளைங்க இருக்கும். வெறுங்கையோட போயி அவரு சாமானைக் கேக்கவா?"

அல்மைராவுக்கு வாயில் எப்போதும் ஒரு சொல் தயாராக இருக்கும். அன்றைக்கு அது இல்லை. பானையை வாங்கிக்கொண்டாள்.

மஹாலாவின் துடுப்புப் படகு துறையில் கட்டியிருந்தது. துடுப்புப் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி, போகிற இடத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கப்பலைப் பார்க்காமலே கப்பலுக்குப் போகலாம். மஹாலா கரையையே பார்த்தபடி துடுப்புப் போட்டாள். தன் வீட்டுச் சன்னல், அதன் பக்கத்தில் காயப்போட்ட சட்டை. அவன் சட்டை, வீணாகத் துவைத்தோமே என்று நினைத்துக்கொண்டாள். இழுப்புக்கு இழுப்பு வீடு சின்னதாகிக்கொண்டே போயிற்று. எதிரே பானையை மடியில் வைத்துக்கொண்டு அல்மைரா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மஹாலாவும் தெரிந்தாள், மஹாலாவுக்குப் பின்னால் கப்பலும் தெரிந்தது.

கப்பலை நெருங்கும்போது அல்மைராவின் வாய் திறந்தது.

"மஹாலா. திரும்பிப் பாரு."

"மாட்டேன்."

"அட திரும்புடி."

"படகைக் கட்டிட்டுப் பாக்கறேன். இப்பப் பாத்தா கை ஓடாது."

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. அக்கறையான, சாதாரணக் குரல்.

"மஹாலா, இன்னிக்கு ஆலை இல்லையா?"

துடுப்பு இரண்டும் அவள் கையிலிருந்து நழுவின. ஒன்றை அல்மைரா பிடித்தாள். மற்றது நீரில் போயிற்று. மஹாலா திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"கொடி எங்க?"

"முதலாளி கப்பல்ல இருக்காரே," என்றான் வின்ஸ்லோ. "எப்படி ஏத்தறது?"

விஷயம் இதுதான். தங்கள் வெடிப்பீப்பாயே கிட்டத்தில் வெடித்துப் பின்பக்கத் தகடு விரிந்துவிட்டது. வின்ஸ்லோவுக்குக் கையில் தீக்காயம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கிழக்கே உள்ள பட்டறைக்குக் கப்பலைக் கொண்டுபோகச் சொன்னார்கள். இரவல் கொடுத்தவர் சேதத்தைப் பார்க்கட்டும் என்று லாதமுக்குச் சொல்லியனுப்ப, அவர் ராக்லாந்தில் ஏறிக் கூடவே வந்துவிட்டார். அவர் ஏறிய நிமிடம், கட்டி வைத்திருந்த நீலக்கொடியை வின்ஸ்லோ அவிழ்த்து மடித்துவிட்டான்.

இப்போது மஹாலா திரும்பினாள். கட்டுப்போட்ட கையோடு, முகத்தில் கரியோடு, முழுசாக நின்றிருந்தான்.

"நீ செத்துட்டேன்னு ஊரே சொல்லுச்சு. கயித்தப் பாத்து நானும் நம்பிட்டேன்."

"நான் முன்னால நின்னு தொப்பிய ஆட்டிக்கிட்டே வந்தேனே. வாய்க்கால் முழுக்க ஆட்டினேன். கை விட்டுப்போச்சு."

"உன்னை யாருய்யா பாத்தா? எல்லாரும் கயித்தத்தான் பாத்தோம்."

அதுவும் உண்மை. அத்தனை பெண்கள், அத்தனை கண்கள். கொடியில்லாத கயிற்றை எல்லோரும் பார்த்தார்கள், முனையில் குதித்துக்கொண்டிருந்த மனுஷனை ஒருத்தியும் பார்க்கவில்லை.

"பொண்டாட்டிக்காக ஒரு பொய் சொன்னா என்னடா, கருங்கல்லுக்குப் பொறந்தவனே?" என்றாள் அல்மைரா. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

வின்ஸ்லோ தலை குனிந்தான். "சொல்லலாம் அக்கா. ஆனா அப்புறம் அது பறக்கிறப்பல்லாம் இவளுக்குச் சந்தேகம் வரும். இன்னிக்கு நெசமா, இல்ல சும்மாவான்னு."

அல்மைரா கையிலிருந்த துடுப்பைப் படகுக்குள் வைத்தாள். மஹாலா படகின் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அல்மைராவின் மடியிலிருந்த பானையை வாங்கிக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து, பானையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு லாதம் வந்து எட்டிப்பார்த்தார். நகரத்துக் கோட்டு, நரைத்த மீசை. என்ன என்று கேட்டார். அல்மைரா ஒன்றுவிடாமல் சொன்னாள். முதல் கோடையில் ஆறிப்போன பலகாரத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அந்தக் கொடி கரையில் இப்படி வாசிக்கப்பட்டது அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அவர் வெறுங்கயிற்றை அண்ணாந்து பார்த்தார். கப்பலின் பெயர் எழுதியிருந்த இடத்தில் பூசிய சாம்பலைத் தொட்டுப்பார்த்தார். பிறகு தொப்பியை அழுத்திக்கொண்டார்.

"மிசஸ் கிரீன்லா, உங்க படகுல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

மஹாலா முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். கிழவர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். வின்ஸ்லோ பிடிக்க வந்தபோது கையை உதறிவிட்டார். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மேலே பார்த்தார்.

"வின்ஸ்லோ. முதலாளி எங்க?"

வின்ஸ்லோ தொப்பியைக் கழற்றினான்.

"கப்பல்ல இல்ல, சார்."

"அப்புறம் என்ன வேடிக்கை பாக்கற?"

நல்ல கை ஒன்றுதான் இருந்தது. மறுமுனையைப் பல்லால் பிடித்துக்கொண்டு வின்ஸ்லோ கயிற்றை இழுத்தான். நீலம் ஏறியது. காற்று அதை வாங்கி விரித்தது.

கரையில் ஆலைச் சங்கு ஊதியது. மீன் வரவில்லை, நேரமும் அது அல்ல. எவளோ ஒருத்தி போய்ச் சங்கிலியை இழுத்துவிட்டாள். மேஸ்திரி அதை நிறுத்தச் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. கூடச் சேர்ந்து இழுத்தார் என்றும் ஒரு பேச்சு.

நீலம் ஏறினால் மாலுமிக்கு வீடு உண்டு. லெப்டினன்ட்டுக்கும் அந்த வழக்கத்தைச் சொன்னார்கள். பொழுது சாயும்வரை போய்வா என்று, நீரில் போன துடுப்புக்குப் பதிலாக ஒன்றையும் கொடுத்து விட்டான். பானையில் பாதியைக் கப்பலில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மஹாலா வீட்டு மேசையில் வைத்தார்கள். கறுப்பு ரொட்டியைத் தொட்டுக்கொண்டு லாதம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். தன் மனைவிக்குச் சமைக்கவே தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார். மற்றவர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

சண்டை முடிந்தது. ஹெஸ்டருக்கு மறுபடி வெள்ளை பூசினார்கள். வின்ஸ்லோ அதிலே போகவில்லை. கை முன்போல் கயிறு பிடிக்காது. ஊரிலேயே வலை பழுது பார்த்தான், தோட்டம் போட்டான், சமைக்கவும் கற்றுக்கொண்டான், சுமாராக. மஹாலாதான் ஆலைக்குப் போய் வந்தாள். லாதம் அந்தக் கொடியை அவனுக்கே கொடுத்துவிட்டார். அவன் வீட்டு முன்னால் ஒரு கம்பம் நட்டான்.

மீன் வரத்து உள்ள நாளில் சங்கு ஊதி மஹாலா வாசல் தாண்டியதும், கம்பத்தில் நீலம் ஏறும். அல்மைரா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "வீட்ல யாருடா முதலாளின்னு இப்பத்தான் ஒத்துக்கிட்டியா?" என்று கேட்பாள். அவன் கயிற்றைக் கட்டிவிட்டு வலை பின்னப் போவான்.

சாயங்காலம் மஹாலா மேடேறி வருவாள், கையெல்லாம் மீன் வாடையோடு, கால் வலியோடு. திருப்பத்திலேயே கொடி தெரியும். அவள் வேலிப்படலைத் தொடும்போது அது இறங்கத் தொடங்கும். ஒருநாளும் ஒரு அடி முந்தியதில்லை, ஒரு அடி பிந்தியதில்லை. அவள் உள்ளே காலை வைக்கும்போது வின்ஸ்லோ அதை மடித்துக்கொண்டிருப்பான்.